சட்டை துவைத்த சிப்பாய்

பெக்கோக்,
17-1-1932

அன்பு மருமகள் ராஜம்மாவுக்கு அத்தை பேச்சியம்மாள் எழுதுவது. மாரியம்மன் தயவில் நடமாடிக்கொண்டிருக்கிறேன். முழங்கால் மட்டும் மழை வரப்போவதை எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. நீயும் என் பேத்தி வள்ளிமயிலும் நன்றாக இருக்கிறீர்களா? ஆஸ்பத்திரி ஆயா வேலை என்றால் நோவுக்கு நடுவில் நிற்கிற வேலை. வெந்நீரில் கால் கழுவாமல் வீட்டுக்குள் போகாதே.

வள்ளிமயில் பொங்கலுக்கு எழுதிய கடுதாசியை, ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வீட்டு அம்மாளுக்கே வாசித்துக் காட்டினேன். "உங்க பேத்தியா இவ்வளவு அழகா எழுதுது?" என்று கேட்டாள். பின்னே யார் பேத்தி? கையெழுத்து அப்படியே என் மகன் அய்யாவு. அவன் சண்டைக்கு மோட்டார் படகு ஓட்டப் பஸ்ராவுக்குக் கப்பல் ஏறியபோது நீ மூன்று மாசம். அப்பன் முகமே பார்க்காத பிள்ளைக்கு அப்பன் எழுத்து எப்படி வந்ததோ.

ஒரு சந்தோஷச் சேதி. ஸ்டேஷன் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். சட்டைப் படம் திரும்ப வருகிறது! நோன்புப் பெருநாள் கழிந்து குளுவாங் கொட்டகையில் போடுகிறார்களாம். நம்மாட்கள், சீனர், மலாய்க்காரர் எல்லோரும் நோட்டீஸ் முன்னால் நின்று ஒரே பேச்சு. ஆறு வருஷமாகியும் அந்தச் சிப்பாயை ஒருத்தரும் மறக்கவில்லை பார்.

நம் தோட்டத்துத் திடலில் அதைப் போட்ட அன்று உனக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு மூங்கிலுக்கு நடுவே கட்டிய வெள்ளைத் துணி காற்றில் ஆட, பட்டாளம் முழுக்கத் தண்ணீருக்குள் நடப்பது போல நெளிந்தது. பாதியில் மழை. படத்துக்காரர்கள் தகரப் பெட்டிகளை லாரிக்கடியில் இழுத்துப் போட்டு, மழை விட்டதும் திரும்ப ஓட்டினார்கள். அந்தச் சிப்பாய் பாலத்தில் குண்டு பட்டுச் சேற்றில் விழுந்தான். நீ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாய். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அடுத்தாற்போல் பார்த்தால், ஆற்றங்கரையில் அவன்! சட்டையைத் துவைத்து முள்கம்பியில் காயப்போட்டுவிட்டுச் சிரிக்கிறான். கதை சொல்கிறவர் தகரக் குழாயை வாயில் வைத்து, "செத்துட்டான்னு நினைச்சீங்களா? பாருங்க, சேத்தைக் கழுவிட்டு எந்திரிச்சு வர்றான்!" என்று கத்தினார். தோட்டமே கை தட்டியது. கடைசியில் அவனைப் பெற்றவள் கதவைத் திறக்கிறாள். அதோடு படம் முடிந்தது.

அந்த வருஷம்தான் சொந்தக்காரர்கள் என்னை அரித்துக்கொண்டிருந்தார்கள். "கடுதாசி நின்னு எத்தனை வருஷம்? அய்யாவுக்குக் கருமாதி பண்ணி, ராஜம்மா தாலியை வாங்கிடு" என்று. மறுநாளே பண்டாரத்திடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். படத்தில் வருகிறவன் வேறு, என் மகன் வேறு என்று தெரியாத மட்டி இல்லை நான். இருந்தாலும், விழுந்தவன் எழுந்து வருவதைக் கண்ணால் பார்த்தேனே.

லீவு கேட்டு வா. மூன்று பேருமாகப் பார்ப்போம். பிள்ளைக்கு என் முத்தம்.

அத்தை,
பேச்சியம்மாள்

*

ஜொகூர் பாரு,
9-2-1932

அன்புள்ள அத்தைக்கு, ராஜம்மா வணக்கத்துடன் எழுதுவது. நானும் வள்ளிமயிலும் சௌக்கியம். பிள்ளைக்கு லேசாக இருமல் இருந்தது, இப்போது விட்டுவிட்டது. உங்கள் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன். சூடு பறக்கத் தேய்க்க வேண்டும்.

பதில் எழுத நாளாகிவிட்டது, கோபிக்க வேண்டாம். வார்டில் ஆள் குறைவு. லீவு கிடைக்காது போலிருக்கிறது. நீங்களும் அவ்வளவு தூரம் ரயிலேறிப் போக வேண்டாம் அத்தை. அந்தப் படம் ரொம்பப் பழசாகிவிட்டது. ஒரே கீறலாம், முகமே தெரியவில்லையாம். இப்போது பேசுகிற படமே வந்துவிட்டது. அடுத்த தடவை நீங்கள் இங்கே வரும்போது அப்படி ஒன்றுக்குக் கூட்டிப் போகிறேன். பாட்டெல்லாம் இருக்கும்.

குளுவாங்குக்கு மட்டும் போகாதீர்கள். கால் வலியோடு அந்தப் பலகையில் உங்களால் உட்கார முடியாது.

உங்கள் மருமகள்,
ராஜம்மா

*

பெக்கோக்,
16-2-1932

ராஜம்மாவுக்கு அத்தையின் ஆசீர்வாதம். இருமல் விட்டது கேட்டு நிம்மதி. தைலம் வந்தது. நாற்றம் தாங்கவில்லை, ஆனால் வேலை செய்கிறது.

இங்கே இலை உதிர்கிற காலம். பால்மரம் எல்லாம் சிவந்து, காடே தீப்பிடித்த மாதிரி இருக்கிறது. தொட்டால் சூடு இல்லை. ரப்பர் விலை விழுந்ததால் லயத்தில் பாதி வீடு காலி. ஆட்களை ஊருக்குக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். விடிகாலையில் பனிக்குள் காலி வீடுகளைப் பார்த்தால் ஆள் உள்ளே நடக்கிற மாதிரியே இருக்கும். நேற்றுக் கனவில் அய்யாவு வந்தான். படகு ஓட்டிக்கொண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவில் வந்தான். தண்ணீரே இல்லை, இலைமேல் படகு போகிறது. "இறங்குடா" என்றேன். "இதோம்மா, இதோம்மா" என்றவன் இறங்கவில்லை.

சின்னத்தம்பி கங்காணி சம்சாரம் வைத்தியத்துக்கு உன் ஆஸ்பத்திரிக்கு வந்தாளாமே. உன்னைப் படக்கொட்டகை வாசலில் ஓர் ஆளோடு பார்த்தாளாம். "சிரிச்சுப் பேசிக்கிட்டு நின்னுச்சு ஒங்க மருமக" என்று என்னிடமே வந்து சொல்கிறாள். "என் மருமக சிரிச்சா ஒனக்கு என்னடி வலிக்குது?" என்று கேட்டு அனுப்பிவிட்டேன். அவர் யார் என்று நான் கேட்கவில்லை.

படத்துக்கு நான் போகத்தான் போகிறேன். நீ வராவிட்டால் தனியாக. தொப்பைக்காரத் துரைக்கே எதிர்த்துப் பேசினவள் நான், ரயிலேறப் பயப்படுவேனா? வெள்ளெருக்கு இலை கட்டினால் முழங்கால் கேட்கும்.

அத்தை,
பேச்சியம்மாள்

*

ஜொகூர் பாரு,
21-2-1932

திரு. சபாபதி அவர்களுக்கு ராஜம்மா வணக்கம். நீங்கள் இப்போது இருக்கும் பத்து பகாட் ஊரில் காய்ச்சல் பரவுகிறது என்று கேள்விப்பட்டேன். கொதிக்க வைத்த தண்ணீர் குடிக்கவும்.

போன வருஷம் நாம் முதலில் பேசியது உங்களுக்கு மறந்திருக்காது. இங்கே ஜொகூர் கொட்டகையில் அந்தச் சட்டைப் படம் விட்டதும் நான் மெஷின் அறை வாசலில் வந்து நின்று, "சுருளை முன்னே பின்னே மாத்திப் போட்டு ஏன்யா அந்த மனுசனைக் கொன்னீங்க? ஒழுங்கா வேலை தெரியாதா?" என்று சண்டை போட்டேன். நீங்கள் கோபிக்காமல் தகரப் பெட்டிகளைக் கொண்டுவந்து காட்டினீர்கள். மூன்றாம் நம்பரில் அவன் சட்டை துவைக்கிறான். நாலாம் நம்பரில் சாகிறான். எங்கள் தோட்டத்தில்தான் மழையில் பெட்டி மாறியிருக்கிறது. கதை சொன்னவர் சமாளிப்பதற்காக என்னவோ சொல்லிவைக்க, அதை நம்பி நாங்கள் ஐந்து வருஷம் இருந்துவிட்டோம். அன்று உங்கள் முன்னால் படியில் உட்கார்ந்து அழுதேன். நீங்கள் தண்ணீர் கொடுத்தீர்கள்.

பிறகு தீபாவளிக்கு, என்னைக் கட்டிக்கொள்வதாக நீங்கள் கேட்டதற்கு நான் சொன்ன பதில் இன்றைக்கும் அதேதான். அறுத்துக் கட்டுவது எங்களில் உண்டு. எனக்கு மனசு இல்லாமலும் இல்லை. ஆனால் என் வீட்டில் அவர் இன்னும் சாகவில்லை. அத்தை வாயால் சொல்லாமல் என்னால் கழுத்தில் கை வைக்க முடியாது. பதினாறு வருஷமாக எனக்கு ஒரு சுடுசொல் சொல்லாத மனுஷி. டவுனுக்குப் போய் வேலை பார் என்று அனுப்பியதும் அவர்தான்.

இப்போது அத்தை குளுவாங்கில் நீங்கள் ஓட்டப்போகும் அந்தப் படத்தைப் பார்க்க வருகிறார். நான் எவ்வளவோ தடுத்துப் பார்த்தேன். அவரும் நான் பார்த்ததைப் பார்த்தால் தாங்க மாட்டார். அதனால் கேட்கிறேன். அவர் வருகிற அந்த ஒரு நாள், நாலாவதை முதலில் போட்டு மூன்றாவதை அப்புறம் போட முடியுமா?

பெரிய உதவி என்று தெரியும். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராஜம்மா

*

பத்து பகாட்,
26-2-1932

ராஜம்மா அவர்களுக்கு சபாபதி எழுதுவது. காய்ச்சல் எனக்கு வரவில்லை, எங்கள் முதலாளி தவுக்கேவுக்குத்தான் வந்தது. படுக்கையில் இருந்தபடியே திட்டுகிறார். நீங்களும் வள்ளிமயிலும் சுகம்தானே?

இந்தப் படத்தை எத்தனை ஊரில் ஓட்டிவிட்டேன்! சுருளெல்லாம் கீறல், படம் முழுக்க மழை பெய்கிற மாதிரி கோடு. இருந்தும் கூட்டம் குறையவில்லை. பேசும் படம் வந்தபிறகு தவுக்கே இதைத் தூக்கி எறியப் பார்த்தார், ஜனங்கள் விடவில்லை. மூவார் கொட்டகையில் ஒரு சீனப் பெரியவர் தினமும் வருவார். சட்டை துவைக்கிற இடம் முடிந்ததும் எழுந்து போய்விடுவார். அதற்குமேல் பார்க்க மாட்டார். ஒரு நாள் வாசலில் அவருக்குச் சுருட்டுப் பற்றவைத்துக் கொடுத்தேன். மெஷின் ஓட்டுகிறவன் ஓட்டை வழியாகப் படத்தைப் பார்ப்பதில்லை, ஜனங்களைத்தான் பார்க்கிறான். அந்தச் சிப்பாய் சிரிக்கும்போது இருட்டில் எல்லா முகமும் சின்னப் பிள்ளை முகமாகிவிடும்.

நீங்கள் கேட்டதைச் செய்கிறேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் அத்தை மனசில் அவர் மகன் உயிரோடு இருக்கிற வரைக்கும் உங்கள் வீட்டு வாசலில் நிற்க எனக்கு வழி இல்லை. அந்தச் சுருளை என் கையாலேயே மாட்டச் சொல்கிறீர்கள். தெரிந்துதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

பரவாயில்லை. எந்த நாள் வருகிறார் என்று மட்டும் எழுதுங்கள்.

சபாபதி

*

பெக்கோக்,
6-3-1932

ராஜம்மாவுக்கு ஆசீர்வாதம். அடுத்த ஞாயிறு, 13ஆம் தேதி, பகல் ஆட்டம். காலை ரயிலில் போய்ச் சாயங்கால ரயிலில் திரும்பிவிடுவேன். தைலம் கையோடு எடுத்துப் போகிறேன், பயப்படாதே. வள்ளிமயிலுக்கு நல்ல சேதியோடு எழுதுகிறேன்.

அத்தை

*

குளுவாங்,
14-3-1932

ராஜம்மா அவர்களுக்கு சபாபதி. நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

உங்கள் அத்தையைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். வெள்ளைச் சேலை, பெரிய குடை, பெண்கள் பக்கம் முதல் பலகை. பக்கத்தில் இருந்த, உள்ளூர்ச் சீனத்தியான நியோனியா அம்மாளிடம் மலாயில், "என் மகனும் சண்டைக்குப் போனவன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் அவ்வளவு பெருமை.

இரண்டாவது முடிந்தது, நாலாவதை மாட்டினேன். சிப்பாய் விழுந்தான். பிறகு மூன்றாவது. அவன் ஆற்றங்கரைக்கு வந்து சட்டையைக் கழற்றினானோ இல்லையோ, கொட்டகையில் கூச்சல் கிளம்பிவிட்டது. "சாலா! சாலா!" என்று மலாயில் கத்துகிறார்கள், தப்பு தப்பு என்று. எல்லோரும் நாலு தடவை ஐந்து தடவை பார்த்தவர்கள்; எனக்கு அது தோன்றவே இல்லை. பின்னாலிருந்து நம்மாள் ஒருவர், "டேய், மேலே இருக்கிறவனே! செத்தவன் எப்படிடா துணி துவைப்பான்?" என்று கத்த, மொத்தக் கொட்டகையும் சிரித்தது.

உங்கள் அத்தை சிரிக்கவில்லை. திரும்பி அந்தக் குரல் வந்த பக்கம் பார்த்தார். பிறகு மெஷின் ஓட்டையைப் பார்த்தார். வெளிச்சம் கண்ணில் பட்டும் முகத்தைத் திருப்பவில்லை.

மானேஜர் ஏறி வந்து விளக்கைப் போட்டு, மூன்றிலிருந்து சரியாக ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கடைசி வரைக்கும் குடையை மடியில் வைத்தபடி இருந்தார்.

ஆட்டம் விட்டதும் மானேஜர் என்னை நிறுத்தி வைத்துத் திட்டிக்கொண்டிருந்தார். அப்போது உங்கள் அத்தை மெஷின் அறை வாசலுக்கு வந்தார். மானேஜரை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு என்னிடம் கேட்டார்:

"பெட்டி மேலே நம்பர் எழுதியிருக்கே. படிக்கத் தெரியாதா தம்பி?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா மாத்திப் போட்டே?"

"தெரிஞ்சுதாம்மா."

"ஜொகூர் கொட்டகையிலும் ஓட்டினதுண்டா?" என்றார். "உண்டு" என்றேன். படி இறங்கிப் போய்விட்டார். ஸ்டேஷன் வரைக்கும் குடையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மழை இல்லை, வெயிலும் இல்லை, விரித்துப் பிடித்தபடியே போனார்.

என்னை மெஷினிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி பசை வாளியோடு ஊர் ஊராக நோட்டீஸ் ஒட்டும் வேலை. அதில் வருத்தம் இல்லை. உங்கள் காரியம் கெட்டுவிட்டதே என்றுதான்.

சபாபதி

*

ஜொகூர் பாரு,
20-3-1932

அன்புள்ள அத்தைக்கு ராஜம்மா வணக்கம். நாங்கள் இருவரும் நலம். நீங்கள் பத்திரமாக வீடு சேர்ந்தீர்களா? இரண்டு வரி போடுங்கள்.

ராஜம்மா

*

ஜொகூர் பாரு,
1-5-1932

அத்தைக்கு நமஸ்காரம். என் கடிதம் கிடைத்ததா? போன மாதமும் எழுதினேன். உடம்புக்கு எதுவும் இல்லையே? வள்ளிமயில் தினமும் தபால்காரரைக் கேட்கிறாள். "அப்பாயிக்கு என் மேல் கோபமா?" என்கிறாள். அவள்மேல் உங்களுக்குக் கோபம் வராது என்று சொல்லியிருக்கிறேன்.

என்மேல் என்றால் எழுதித் திட்டிவிடுங்கள் அத்தை. எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

ராஜம்மா

*

பெக்கோக்,
12-6-1932

என் ராஜம்மாவுக்குப் பேச்சியம்மாள் ஆசீர்வாதம். மரத்தில் புது இலை வந்து கறுத்தும்விட்டது, இப்போதுதான் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. கோபம்தான். யார் மேலே என்று தெரியாமல் இத்தனை நாள் தடவிக்கொண்டிருந்தேன். கதை சொன்னவர் மேலா, மழை மேலா, கொட்டகையில் கத்தினானே அவன் மேலா? ஒருத்தர் மேலும் நிற்கவில்லை.

சரியான வரிசையில் படத்தைப் பார்த்தேன் ராஜம்மா. அது இன்னும் நல்ல படம். முன்னே அந்தச் சிரிப்பு தப்பித்து வந்தவன் சிரிப்பு என்று நினைத்தேன். இல்லை. ஒன்றும் தெரியாதவன் சிரிப்பு அது. சட்டை காய்கிற வரை நேரம் இருக்கிறது என்று நினைக்கிறவன். நம் அய்யாவு கப்பல் படியில் நின்று அப்படித்தான் சிரித்தான். கடைசியில் அந்தத் தாய் கதவைத் திறக்கிறாளே, வாசலில் யாருமே இல்லை. நம் திடலில் பார்த்தபோதும் இல்லைதான். நாம்தான் அங்கே ஆளைக் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டோம்.

நீ இதை முன்னமேயே பார்த்துவிட்டாய். அதனால்தானே கால் வலி, கீறல், பலகை என்று எழுதினாய்? எனக்குத் தெரியக் கூடாது என்று நீ ஒருத்தியாகச் சுமந்திருக்கிறாய். அப்புறம் அந்த ஆள். ரயிலில் வரும்போதெல்லாம் யோசித்தேன். முன்பின் தெரியாத கிழவிக்காக ஒருவன் தன் பிழைப்பிலே ஏன் மண் போட்டுக்கொள்கிறான்? திட்டு வாங்கும்போதும் என் பேரைச் சொல்லவில்லை, உன் பேரையும் சொல்லவில்லை. கங்காணி சம்சாரம் சொன்ன ஆள் இவர்தான். அவருக்கு நல்லதாகிற காரியம் எது, கெடுதலாகிற காரியம் எது என்று நினைத்துப் பார்த்தேன். கெடுதலாகிறதைத்தான் செய்திருக்கிறார். அன்றோடு என் கோபம் தீர்ந்தது.

போன செவ்வாய்க்கிழமை அய்யாவுக்குக் கருமாதி செய்துவிட்டேன். உடம்பு இல்லாமல் எப்படி என்று பண்டாரத்தைக் கேட்டேன். அவன் கட்டியிருந்த வேட்டி ஒன்று பெட்டியில் இருந்தது, அதை வைத்து ஆற்றங்கரையில் எல்லாம் முறையாக நடந்தது. வேட்டியைத் தண்ணீரில் விட்டபோது உடனே மூழ்கவில்லை. காற்றுப் புகுந்து உப்பிக்கொண்டு ஆள் மிதப்பது போலக் கொஞ்ச தூரம் போயிற்று. வளைவு திரும்பும் வரைக்கும் பார்த்தேன். அழுதேன். அழ வேண்டியது பாக்கி இருந்தது.

உன்னைக் கூப்பிடாமல் செய்தது வேண்டுமென்றேதான். நீ வந்திருந்தால் ஊர்ப் பெண்கள் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து, ஒப்பாரி வைத்து, பூவைப் பிய்த்து, வளையலை உடைத்து, உன் கழுத்தில் கை வைத்திருப்பார்கள். என் புருஷன் செத்தபோது எனக்குச் செய்தார்கள். உனக்கு அது வேண்டாம். உன் தாலியை நீயே கழற்றி, கோயில் உண்டியலில் போட்டுவிடு. பொட்டை அழிக்காதே. யாராவது கேட்டால் பேச்சியம்மாள் சொன்னாள் என்று சொல்.

வள்ளிமயிலிடம் நீ எதுவும் சொல்லாதே. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் இங்கே அனுப்பு. அவள் அப்பன் செத்த சேதியை நான்தான் சொல்ல வேண்டும், அவனைப் பெற்றவள் நான்.

லயத்தில் படம் எப்படி என்று கேட்டார்கள். அப்படியேதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இங்கே சின்னப் பிள்ளைகள் அதை வைத்து விளையாடுகிறார்கள், படத்தைப் பார்த்தே இராத பிள்ளைகள். ஒருவன் விழுவான், இன்னொருவன் ஓடிவந்து, "சேத்தைக் கழுவு, எந்திரி!" என்பான், விழுந்தவன் எழுந்து ஓடுவான். நான் தடுக்கவில்லை. கருமாதிக்கு வந்த பெண்களும் தடுக்கவில்லை.

அந்த சபாபதியை 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இங்கே வரச் சொல். பேர் எப்படித் தெரியும் என்று பார்க்காதே, வரும் வழியில் கொட்டகையில் டிக்கெட் கொடுக்கிறவனிடம் கேட்டுக்கொண்டேன். ஆடி பிறந்துவிட்டால் ஒன்றும் பேச முடியாது, அதற்குள் வந்து பெண் கேட்கட்டும். கங்காணியிடமோ கிராணியிடமோ போய் நிற்க வேண்டாம். என்னிடம் கேட்க வேண்டும். என் வீட்டுப் பெண்ணை நான்தான் கொடுப்பேன். சும்மா தலையாட்டி அனுப்பிவிடுவேன் என்று நினைக்க வேண்டாம், கேட்கிற கேள்வியெல்லாம் கேட்பேன்.

நீயும் பிள்ளையும் நன்றாக இருங்கள்.

அத்தை,
பேச்சியம்மாள்

பின்குறிப்பு: அவர் மீன் சாப்பிடுகிறவரா என்று உடனே எழுது. 26ஆம் தேதி அமாவாசை இல்லை, காலண்டர் பார்த்துவிட்டேன்.